விற்றால் விட்டுப் போவது

1

கத்தோலிக்கத் திருச்சபையின் ஒழுங்குகளில் ஒரு சிறிய விதி உண்டு. மந்திரித்த ஜெபமாலை ஒன்றின்மேல் திருச்சபை ஏற்றிவைத்த பலன் இரண்டே வழிகளில் அற்றுப்போகும்: அந்தப் பொருள் முழுக்க அழிந்துபோனால், அல்லது அது விற்கப்பட்டால். 1917ஆம் வருஷத்துச் சட்டத் தொகுப்பின் 924ஆம் விதி இதைச் சொல்லிற்று. பலன்களைப் பற்றிய 1999ஆம் வருஷத்துக் கையேடும் இதையே சொல்கிறது. கொடுத்தால் என்ன ஆகும் என்று விதி பேசவில்லை. பேசாததிலேயே பதில் இருக்கிறது: கொடுத்தால் ஒன்றும் ஆகாது. தாய் மகளுக்கு, மகள் தோழிக்கு, தோழி முன்பின் அறியாத நோயாளிக்கு என்று பத்துக் கை மாறினாலும் பலன் மாலையோடு கூடவே போகும். பதினோராவது கை பத்து ரூபாய் கொடுத்து வாங்கினால் அங்கே நின்றுவிடும்.

பலன் என்பது பாவம் மன்னிக்கப்பட்ட பிறகும் மிஞ்சி நிற்கிற தண்டனையிலிருந்து கிடைக்கும் கழிவு. மந்திரிப்பு வேறு, பலன் வேறு என்று வேதசாஸ்திரிகள் பிரித்துப் பேசுவார்கள். ஆனால் பழைய தொகுப்பின் 1305ஆம் விதி மந்திரிப்பையும் இதே கணக்கில்தான் வைத்தது. பூசைக்குரிய பாத்திரமோ உடையோ உருக்குலைந்து உபயோகமற்றுப் போனால், இழிவான காரியத்துக்குப் பயன்பட்டால், பகிரங்க விற்பனைக்கு வைக்கப்பட்டால், அதன் மந்திரிப்பு நீங்கும். 1983இல் வந்த புதிய தொகுப்பில் இந்த வாசகம் இல்லை. அதன் 1171ஆம் விதி, வழிபாட்டுக்கென்று ஒதுக்கப்பட்ட பொருள் தனியார் கையில் இருந்தாலும் மரியாதையோடு நடத்தப்பட வேண்டும், தகாத உபயோகத்துக்குப் போகக்கூடாது என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

நான் இந்தச் சபையைச் சேர்ந்தவன் அல்ல. கபாலீசுவரர் கோயில் குளத்துப் பக்கம் வளர்ந்தவன். கச்சேரி ரோட்டில் கிழக்கே நடந்தால் சாந்தோம். இந்த விதி என்னை நிறுத்தியதற்குக் காரணம் அதிலுள்ள பக்தி அல்ல, அதிலுள்ள தர்க்கம். ஒரு பொருளின்மேல் ஏதோ ஏறியிருக்கிறது. கை மாறும்போது அது போவதில்லை, காசு மாறும்போது போகிறது என்றால், அது இருந்த இடம் எது? மணியா, நூலா, கையா?

2

சுலபமான பதில் ஒன்று தயாராக இருக்கிறது: காசு அழுக்கு, தெய்வ சம்பந்தமானது சுத்தம், இரண்டும் சேராது. இந்தப் பதில் நிற்காது. கோயிலுக்குக் காசு தீண்டத்தகாததாக எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. சாந்தோமுக்கு வருகிறவர்கள் மெழுகுவர்த்தியையும் ஜெபமாலையையும் விலை கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். வாங்கியதை எடுத்துப்போய்ச் சாமியாரிடம் நீட்டுகிறார்கள். அவர் சிலுவை வரைந்து தீர்த்தம் தெளித்துத் திருப்பித் தருகிறார். கூலி கிடையாது. இங்கே வரிசை முக்கியம். முதலில் விலை, பிறகு மந்திரிப்பு. இந்த வரிசையில் காசு நியாயமாகவே வேலை செய்கிறது. மணிக்கும் கம்பிக்கும் கோத்தவரின் உழைப்புக்கும் அது ஈடு. வரிசை புரண்டால்தான் தொந்தரவு. விற்கிறவர் 'இது மந்திரிச்சது' என்று சொல்லிப் பத்து ரூபாய் கூடுதலாகக் கேட்டால், அந்தப் பத்து ரூபாய் எதற்கு விலை? மணிக்கும் கம்பிக்கும் அல்ல. விற்கக்கூடாத ஒன்றுக்கு விலை வைக்கப்பட்டிருக்கிறது. விசித்திரம் என்னவென்றால், விற்ற அந்த க்ஷணத்திலேயே பலன் போய்விடுவதால், வாங்கியவர் இல்லாத ஒன்றுக்குக் காசு கொடுத்தவராகிறார். அருளை விற்கிறவன் பாவி என்று ஒழுக்கவியல் சொல்கிறது. இந்த விதி அவனை வெறும் ஏமாற்றுக்காரனாகவும் ஆக்கிவிடுகிறது.

இந்தக் குற்றத்துக்குச் சீமோன் என்ற மந்திரவாதியின் பெயர் வைத்திருக்கிறார்கள். அப்போஸ்தலர் பணிகள் எட்டாம் அதிகாரத்தில் அவன் வருகிறான். அவன் பணத்தை நீட்டிக் கேட்டது ஆவியின் அருளை அல்ல. தான் யார்மேல் கை வைத்தாலும் அவர்களுக்கு அருள் இறங்கும்படியான அதிகாரத்தை. அதாவது வினியோக உரிமையை, நம் வழக்கில் சொன்னால் ஏஜென்சியை. அவனைப் பேதுரு விரட்டினார். 13ஆம் நூற்றாண்டில் அக்குவினா தோமஸ் இதற்கு மூன்று காரணங்கள் சொன்னார். ஆத்மார்த்தமான ஒன்றுக்கு மண்ணுலகப் பொருள் எதுவும் சரியான விலையாகாது. அதைக் கொடுக்கிறவன் அதற்குச் சொந்தக்காரன் அல்ல, காரியஸ்தன் மட்டுமே. அது இலவசமாக ஊற்றெடுத்தது. விற்பது அதன் ஊற்றுக்கு விரோதம். மூன்றில் இரண்டாவது காரணம்தான் பலமானது என்று எனக்குப் படுகிறது. உயர்வு தாழ்வைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. உன்னுடையதல்லாததை நீ விற்க முடியாது என்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் காணிக்கை இருக்கிறது, பூசைக்காசு இருக்கிறது. பூசைக்காசைப் பற்றி, வியாபாரம் என்ற தோற்றம்கூட வரக்கூடாது என்கிறது புதிய தொகுப்பின் 947ஆம் விதி. தோற்றம் வரக்கூடிய இடம் என்று தெரிந்துதானே இப்படிச் சொல்ல வேண்டியிருந்தது. நம் கோயில்களிலும் இதே கோடு, எழுதி வைக்கப்படாமல், ஓடுகிறது. பிரசாதக் கடையைக் குத்தகைக்கு விடுகிறார்கள், புளியோதரைக்கும் அதிரசத்துக்கும் விலைப்பலகை இருக்கிறது, யாருக்கும் உறுத்துவதில்லை. ஆனால் சந்நிதியில் குருக்கள் கையிலிருந்து விழுகிற விபூதியை 'வாங்கிக்கொண்டேன்' என்று சொல்கிறவர் யாரும் அதை 'விலைக்கு வாங்கினேன்' என்று சொல்வதில்லை. தட்டில் காசு போட்டிருந்தாலும் சொல்வதில்லை. வாங்குதல் என்ற ஒரே சொல்லுக்குள் பெறுவதையும் விலை கொடுப்பதையும் வைத்திருக்கும் நம் பாஷை, இந்த ஒரு இடத்தில் மட்டும் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை.

3

இன்னொரு பதில், விற்றவனுக்குத் தண்டனையாகத்தான் பலன் பறிக்கப்படுகிறது என்பது. இதுவும் பொருந்தாது. விற்றவன் கையில் காசு இருக்கிறது. இழப்பு முழுவதும் வாங்கியவன் தலையில் விழுகிறது. குற்றவாளியை விட்டுவிட்டு அடுத்தவனைத் தண்டிக்கிற விதியைத் திருச்சபையின் சட்ட அறிஞர்கள் இவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று நினைக்க முடியவில்லை. எனவே இது தண்டனை அல்ல. வேறு ஏதோ.

அந்த வேறு ஏதோ என்ன என்பதை எனக்குக் காட்டியவர் ஒரு பழைய சாமான்காரர். சாந்தோமில் ஒரு குறுக்குத் தெருவில் என் நண்பரின் பூர்வீக வீடு. தாயார் இறந்து, சகோதரர்கள் வெளிநாட்டில் நிலைத்து, வீடு அடுக்குமாடிக்காரருக்குப் போக இருந்தது. கூடத்தில் சாமான்களைக் குவித்திருந்தார்கள். பழைய சாமான்காரர் தராசை வைத்து வரிசையாக எடை போட்டுக்கொண்டிருந்தார். குத்துவிளக்கு மாதிரியான ஒரு ஜோடி மெழுகுவர்த்தித் தண்டு, அண்டா, செம்புக் குடம், எல்லாம் பித்தளை விலை, செம்பு விலை என்று கணக்காகிப் போயின. ஒரு முழ உயரப் பித்தளைப் பாடுபட்ட சுரூபம் வந்தபோது அவர் அதைத் தராசில் வைக்கவில்லை. இரண்டு கையாலும் எடுத்து ஓரமாக வைத்தார்.

"அது வேணாம் சார்."

"எடை போட வேணாம்ப்பா. சும்மாவே எடுத்துட்டுப் போங்க" என்றார் நண்பர்.

"சும்மா குடுத்தா அது சாமி சார். நான் எங்க கொண்டுபோய் வைக்கறது? காசு வாங்கிக்கங்க, அப்பறம் அது பித்தளை. ஆனா நீங்க வாங்க மாட்டீங்க, எனக்குத் தெரியும்."

924ஆம் விதியை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. அவருக்குத் தராசின் சாஸ்திரம் தெரியும். விலை என்பது ஒரு பொருளைப் பற்றி இரண்டு பேர் ஒருவரோடொருவர் தீர்த்துக்கொள்கிற கணக்கு. கொடுத்தாயிற்று, பெற்றாயிற்று, இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை. வாங்கியவர் அதை உருக்கலாம், ஒடிக்கலாம். விற்றவர் கேட்க முடியாது. விற்பனை என்ற சடங்கின் பயனே இதுதான், அறுத்துவிடுவது. சந்தையில் முன்பின் தெரியாத இருவர் பயமில்லாமல் கொடுக்கல் வாங்கல் செய்ய முடிவது இந்த அறுத்துவிடுதலால்தான். அது கேவலமான காரியம் அல்ல. அதனால்தான் நகரம் நடக்கிறது. ஆனால் மந்திரித்த பொருளின்மேல் ஏறியிருப்பது என்னவோ அது அறுபடாதிருப்பதில்தான் உயிர் வைத்திருக்கிறது. இதை ஜெபித்தவர் ஒருவர், ஜெபிக்கக் கொடுத்தவர் ஒருவர், இதற்கு முன்னால் மண்டியிட்டவர் ஒருவர். கொடையாகப் பெறுகிறவன் கொடுத்தவன் நின்ற இடத்தில் வந்து நிற்கிறான். பொருளோடு பொறுப்பும் வந்து சேர்கிறது. சும்மா கொடுத்தால் சாமி என்பதன் அர்த்தம் இதுதான். இலவசமாக எதையும் வாங்கிக்கொள்ளக் கூசி, 'ஒரு ரூபாயாவது வெச்சுக்கோ' என்று கையில் திணிக்கிற நம் வழக்கத்துக்கும் அர்த்தம் இதுதான். அந்த ஒரு ரூபாய் விலை அல்ல, விடுதலைப் பத்திரம்.

ஆகவே திருச்சபையின் விதி யாரையும் தண்டிக்கவில்லை. விற்பனை தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதை அது வாசித்துக் காட்டுகிறது, அவ்வளவே. நீ அறுத்துக்கொண்டாய், அறுந்துவிட்டது. இப்படிப் பார்க்கும்போது விதியில் ஒரு கருணைகூட இருக்கிறது. வாங்கியவன் தான் சம்மதிக்காத கடமை ஒன்றுக்குள் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஏலத்தில் ஒரு பெட்டி சாமான் எடுத்தவன் அடியில் கிடக்கும் ஜெபமாலைக்காக ஆயுள் முழுக்க வருந்த வேண்டாம். மரியாதை மிச்சம் இருந்தால் போதும். வேண்டுமானால் மறுபடி மந்திரிக்கச் சொல்லிப் புதிதாகத் தொடங்கிக்கொள்ளலாம்.

அன்று அந்தச் சுரூபத்தை நண்பர் விற்கவில்லை. முப்பது வருஷம் அந்த வீட்டில் வேலை பார்த்த அம்மாள் நெற்றி நிறையக் குங்குமத்தோடு மறுநாள் வந்து, "அம்மா கும்புட்ட சாமி, எனக்குக் குடுத்துடுங்க தம்பி" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார் என்று கேள்வி. அக்குவினா தோமஸ் இதை எப்படி எடுத்துக்கொள்வாரோ, எனக்குக் கவலை இல்லை. கொடையின் விதி நிறைவேறிவிட்டது. மெழுகுவர்த்தித் தண்டுகள் ஒரு காலத்தில் மந்திரிக்கப்பட்டவையா என்று கேட்கத்தான் யாரும் இருக்கவில்லை.

4

இதுவரை சொன்னதை வைத்துக்கொண்டு, புனிதம் என்பதே மனிதர்களுக்கிடையிலான உறவுதான், பொருளில் ஒன்றுமில்லை என்று முடித்துவிடலாம். நவீன மனத்துக்கு அது பிடித்தமான முடிவு. ஆனால் புதிய சட்டத் தொகுப்பு இன்னொரு விதியால் அந்த முடிவைத் தடுக்கிறது. புனிதர்களின் எலும்பு முதலான திருப்பண்டங்களைப் பற்றிய 1190ஆம் விதி, அவற்றை விற்பது அறவே கூடாது என்கிறது. அங்கு வருகிற லத்தீன் சொல் 'நெஃபாஸ்'. சாதாரணத் தடையைவிடக் கனத்த சொல், தெய்வ நியதிக்கே ஒவ்வாதது என்ற தொனியுள்ளது. முக்கியமான திருப்பண்டங்களை ரோமாபுரியின் அனுமதி இல்லாமல் நிரந்தரமாக வேறிடத்துக்குக் கொடுக்கவும் முடியாது. 2017 டிசம்பர் 8ஆம் தேதியிட்ட ரோமாபுரி அறிவுறுத்தல், அவற்றின் விற்பனையையும் வியாபாரத்தையும் மறுபடி தடை செய்தது. ஆனால் விற்றால் என்ன நீங்கும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஏனென்றால் ஒன்றும் நீங்காது. ஜெபமாலையை விற்றால் அது மணியாகிவிடும். எலும்பை விற்றால் அது அதே எலும்புதான். அது யாருடையதோ அவருடையது. விற்பனையின் அறுத்துவிடும் சக்தி இங்கே செல்லுபடியாகாது. ஆகவேதான் அந்தச் சடங்கை நடத்தவே கூடாது என்கிறார்கள். மனிதனை விற்பதும் அப்படித்தான். விற்றாலும் அவன் பொருளாகிவிடுவதில்லை.

சாந்தோமுக்கு இந்த விஷயத்தில் நீண்ட பழக்கம் உண்டு. அந்தக் கோயில் எழும்பியிருப்பது அப்போஸ்தலர் தோமாவின் கல்லறை என்று நம்பப்படும் இடத்தின்மேல். 13ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்து வருஷங்களில் இந்தக் கரைப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, கல்லறை இருக்கும் ஊர் சின்ன ஊர், வியாபாரிகள் அதிகம் போவதில்லை, வாங்குவதற்கு அங்கே சரக்கு இல்லை என்று எழுதினார். ஆனால் யாத்திரிகர்கள் போனார்கள், கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும். புனிதர் கொல்லப்பட்ட இடத்துச் சிவந்த மண்ணை எடுத்துக்கொண்டு போய்க் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்தார்கள் என்கிறார் அவர். சரக்கில்லாத ஊரில் மண் மட்டும் கை மாறிக்கொண்டிருந்திருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துவார்த்தே பார்போசா எழுதும்போது கல்லறைக்கு ஒரு முஸ்லிம் காவல் இருந்தார். பிச்சை எடுத்து அந்தக் காசில் விளக்கு எரித்தார். பிறகு போர்த்துக்கீசியர் வந்து 1523இல் கல்லறையைத் தோண்டினார்கள். எலும்புகளோடும் ஈட்டி முனையோடும் மண் நிரம்பிய ஒரு கலயமும் கிடைத்ததாகச் சாட்சியங்கள் சொல்கின்றன.

தோமாவின் எலும்புகளில் பெரும்பகுதி இன்று இத்தாலியில் ஓர்த்தோனாவில் இருக்கிறது. அங்கு எப்படிப் போயிற்று? அவ்வூர் மரபின்படி, 1258இல் அவ்வூர்க் கப்பல்காரர்கள் கீயோஸ் தீவிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். விலை கொடுக்கவில்லை, யாரும் கொடுக்கவும் இல்லை, திருடினார்கள். மத்தியகால ஐரோப்பாவில் இப்படித் திருடுவது சர்வசாதாரணம். புனிதருக்கு வர இஷ்டமில்லாவிட்டால் வந்திருப்பாரா என்று நியாயம் சொன்னார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். திருடியவன்கூட எலும்பைப் பொருளாகப் பேசவில்லை, ஆளாகப் பேசினான். விற்கிறவனுக்கு அந்தப் பேச்சு சாத்தியமில்லை.

5

விற்கக்கூடாது என்ற இந்த விதி ஒரு முறை நம் கடற்கரைகளுக்கருகே மகா கொடூரமாகப் பரீட்சிக்கப்பட்டது. 1560இல் கோவாவின் போர்த்துக்கீசிய வைஸ்ராய் கொன்ஸ்தாந்தீனு த பிரகன்சா யாழ்ப்பாணத்தின்மேல் படையெடுத்தபோது அங்கு ஒரு பல் கிடைத்தது. புத்தருடையது என்று பிடித்தவர்கள் நம்பினார்கள். செய்தி கடல் கடந்து பெகு அரசர் பயின்னவுங்குக்குப் போயிற்று. அவர் தூதனுப்பினார். மூன்று நான்கு லட்சம் குருசாதோ வரை கொடுக்கத் தயாராக இருந்தார் என்கிறார் சரித்திரக்காரர் தியோகு து கோத்து. கோவாவின் கஜானாவுக்குப் பணம் தேவை. வைஸ்ராய்க்கு விற்க ஆசை, படைத்தலைவர்களுக்கும் ஆசை. பேராயர் காஸ்பார் மறுத்தார். விக்கிரக வழிபாட்டுக்கு உதவுகிற பொருளைக் கிறிஸ்தவன் எந்த விலைக்கும் விற்கக்கூடாது என்றார். 1561இல் எல்லோர் முன்னிலையிலும் அந்தப் பல்லை உரலில் போட்டுத் தம் கையால் இடித்தார். தூளை நெருப்பில் எரித்து, சாம்பலை ஆற்றில் கொட்டச் செய்தார். யாழ்ப்பாணத்தில் பிடிபட்டது உண்மையான தந்ததாது அல்ல என்பது சிங்கள பௌத்தர்களின் மரபு. இன்றும் கண்டியில் தலதா மாளிகையில் அது வழிபடப்படுகிறது.

பேராயரின் பணம் வேண்டாத வைராக்கியத்தைப் புகழ்ந்தவர்கள் உண்டு, அவருடைய வெறியை நிந்தித்தவர்கள் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த ஆலோசனைக் கூடத்தில் இரண்டு யோசனைகள்தான் இருந்தன: விற்பது அல்லது அழிப்பது. மூன்றாவதாக ஒன்று எவர் வாயிலும் வந்ததாகக் கோத்து எழுதவில்லை. அதை வழிபடுகிறவர்களிடம் சும்மா திருப்பிக் கொடுத்துவிடுவது. பேராயரின் சொந்த வேதம் திரும்பத் திரும்பச் சொல்வது கொடுப்பதைப் பற்றித்தான். ஆனால் கொடுத்தால் அது சாமியாகிவிடும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது, பழைய சாமான்காரருக்குத் தெரிந்த மாதிரியே. அவரால் அதைச் சகிக்க முடியவில்லை.

இந்த இடத்தில்தான் என் எண்ணம் எனக்குத் தெளிவாகிறது. விற்காமலிருப்பது தன்னளவில் புண்ணியம் அல்ல. விற்பதற்கு எதிர்ப்பதம் வைத்துக்கொள்வது அல்ல, பூட்டிவைப்பது அல்ல, அழிப்பதும் அல்ல, கொடுப்பது. 924ஆம் விதியின் சாரம் 'விற்றால் போகும்' என்பதில் இல்லை. 'கொடுத்தால் நிற்கும்' என்று அது சொல்லாமல் விட்டதில் இருக்கிறது. பேராயர் காஸ்பார் விதியின் எழுதப்பட்ட பாதியைக் காப்பாற்றினார். எழுதப்படாத பாதியை உரலில் போட்டு இடித்துவிட்டார்.

6

அப்படியானால் மீட்பதற்காக விலை கொடுத்து வாங்கலாமா? யாரோ ஒருவர் எலும்பையோ பாத்திரத்தையோ ஏலத்தில் வைத்திருக்கிறார். வாங்காவிட்டால் வேடிக்கைப் பொருளாகப் போகும். வாங்கினால் அந்தச் சந்தைக்கு இன்னொரு வாடிக்கையாளர். இந்தக் கேள்விக்கு நான்காம் நூற்றாண்டில் மிலான் ஆயர் அம்புரோஸ் ஒரு பதிலை வாழ்ந்து காட்டினார். போரில் பிடிபட்ட கைதிகளை மீட்பதற்காகக் கோயிலின் பொற்பாத்திரங்களை உடைத்து உருக்கி விற்றார். குற்றம் சாட்டியவர்களிடம், திருச்சபைக்குப் பொன் இருப்பது சேர்த்து வைக்க அல்ல, செலவழிக்க என்று வாதாடினார். அக்குவினா தோமஸ் பிற்காலத்தில் இதை ஒழுங்குபடுத்தினார். தேவையின் பொருட்டுப் பாத்திரத்தை விற்கலாம். ஆனால் முதலில் பிரார்த்தித்து அதை உடைத்துவிட வேண்டும். உடைந்தபின் அது பாத்திரம் அல்ல, உலோகம். அடுத்த நூற்றாண்டுகளில் பாதிரிமார் செய்ததும், 2021க்குப் பிறகு தமிழக அறநிலையத் துறை உபயோகத்தில் இல்லாத காணிக்கைப் பொன்னகைகளை உருக்கிக் கட்டியாக்கி வங்கியில் வைத்ததும் ஒரே தர்க்கத்தின் தூரத்து உறவுகள்.

அம்புரோஸ் கொடுத்த பொன் கைதிகளுக்கு விலையா? கைதியை மீட்டவர் கைதிக்குச் சொந்தக்காரராகவில்லை. பணம் கை மாறியது. ஆனால் எதுவும் வாங்கப்படவில்லை. விலைக்கும் மீட்புத்தொகைக்கும் உள்ள பேதம் நோட்டில் தெரியாது, பிறகு நடப்பதில்தான் தெரியும். விலை கொடுத்தவன் அதன்பின் இஷ்டப்படி செய்யலாம். மீட்டவன் தன் இஷ்டப்படி ஒன்றும் செய்ய முடியாது. உரியவரிடம் சேர்ப்பது ஒன்றைத் தவிர.

இந்தப் பரீட்சையைச் சமீபத்தில் நம் கண்ணெதிரே பார்த்தோம். 1898இல் இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பிப்ராவாவில் தம் பண்ணையிலிருந்த ஸ்தூபியை வில்லியம் கிளாக்ஸ்டன் பெப்பே தோண்டியபோது எலும்புத் துண்டுகளும் அவற்றோடு வைத்த மணிகளும் கிடைத்தன. எலும்புகளைப் பிரிட்டிஷ் அரசு சயாம் அரசருக்குக் கொடையாகக் கொடுத்தது. அவரிடமிருந்து மற்ற பௌத்த நாடுகளுக்குப் பங்கு போயிற்று. மணிகளில் ஒரு பகுதி பெப்பே குடும்பத்தில் தங்கியது. அது 2025 மே மாதம் ஹாங்காங்கில் சோதபீஸ் ஏலத்துக்கு வந்தது. இந்திய அரசு நோட்டீஸ் அனுப்பியது, ஏலம் நின்றது. ஜூலை மாதம் கோத்ரெஜ் குழுமம் வாங்கிக் கொடுக்க, மணிகள் இந்தியா வந்து சேர்ந்தன. எலும்புக்குக் கொடை, மணிக்கு விலை என்று 1898இல் போட்ட கோட்டைப் பௌத்தர்கள் பலர் ஒத்துக்கொள்ளவில்லை. எலும்போடு வைத்துப் புதைத்ததும் காணிக்கைதான், அதற்கும் சந்தை கிடையாது என்றார்கள். அவர்கள் சொல்வதே சரி என்று எனக்குப் படுகிறது. கொடுத்துப் புதைத்தவர்கள் யாரிடமும் கணக்குத் தீர்த்துக்கொள்ளவில்லை. 2025இல் கை மாறிய தொகை விலையா மீட்பா என்பது இனிமேல்தான் தெரியும். அந்த மணிகளுக்கு முன்னால் ஒரு யாத்திரிகன் கும்பிட்டு நிற்க முடிந்தால் மீட்பு. கண்ணாடிப் பெட்டிக்குள் தேசத்தின் சொத்தாக மட்டும் இருந்தால், நாம் நல்ல விலைக்கு வாங்கியிருக்கிறோம்.

7

பெரிய சங்கதிகள் அரசுகளுக்கும் பேராயர்களுக்கும். நமக்கு மிஞ்சுவது வீட்டு அலமாரி. இறந்தவர்களின் ஜெபமாலைகள், உத்தரியங்கள், பிஸ்கட் டப்பா நிறையச் சுரூபங்கள், திரு இருதயப் படம். எங்கள் பக்கம் சட்டம் போட்ட சாமி படங்கள், பூஜை மணி, கால் ஒடிந்த கொலு பொம்மை. கொடு என்று சொல்வது சுலபம். கொடுப்பதற்குப் பெறுகிறவர் வேண்டும். அந்தத் தெருவில் ஒரு அம்மாள் வந்து கேட்டார். எல்லாத் தெருவிலும் வரமாட்டார்கள். பெறுகிறவர் இல்லாதபோது மயிலாப்பூரில் நாங்கள் என்ன செய்கிறோம் என்பதை எந்த அரசமரத்தடியிலும் பார்க்கலாம். கண்ணாடி விரிந்த லட்சுமி, வெங்கடாசலபதி, பொட்டு அழியாத யாரோ ஒரு பாட்டியின் படம்கூட. மாதா கோயில் வாசல் மூலைகளிலும் சொரூபங்கள் இப்படி வந்து சேர்கின்றன. விற்க மனசில்லை, குப்பையில் போடப் பயம், மரத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறோம். இதைக் கொடை என்று நினைத்துக்கொள்கிறோம். இது கொடை அல்ல. பெறுகிற கை இல்லாமல் கொடுப்பது கிடையாது. விற்பனையிலாவது எதிரில் ஒரு ஆள் நிற்கிறான், இது எனக்கு வேண்டாம் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியிருக்கிறது. மரத்தடி அந்தச் சங்கடத்தையும் நமக்கு மிச்சப்படுத்துகிறது.

திருச்சபையின் பழக்கம் இங்கே கண்டிப்பானது, என் பார்வையில் நேர்மையானது. உபயோகமற்றுப்போன மந்திரித்த பொருளை எரித்துச் சாம்பலைப் புதைக்க வேண்டும், எரியாததை மண்ணில் புதைக்க வேண்டும், தீர்த்தத்தை மண்ணில் ஊற்ற வேண்டும். வெளிப்பார்வைக்கு இது பேராயர் காஸ்பார் செய்ததுதான்: நெருப்பு, சாம்பல். ஆனால் அவர் எரித்தது பிறர் கும்பிட்டதை. இவர்கள் எரிப்பது தாங்கள் கும்பிட்டதை. இதில் வேறொருவரிடம் தள்ளிவிடுவது கிடையாது. தன் வரைக்கும் வந்து சேர்ந்த கொடை தன்னோடு நிற்கிறது என்று ஒப்புக்கொண்டு, கடைசிக் கையாக இருக்கச் சம்மதிக்கிறவன் தானே குழி தோண்டுகிறான்.

அதற்கு ஒரு கைப்பிடி மண்ணாவது வீட்டில் இருக்க வேண்டும். அடுக்குமாடிகளில் அது குறைந்துகொண்டு வருகிறது. அந்த அலமாரிகள் ஏன் காலியாகாமல் இருக்கின்றன என்பதற்குப் பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம். மீதிப் பாதி, கடைசிக் கை நாம்தான் என்று நாம் இன்னும் ஒப்புக்கொள்ளாதது.